1799 டாலர், 1827 அரை டாலர்: பெட்டியில் இல்லாத காசுகளை எப்படிச் சோதிப்பது?

மேப்பிள்வீதி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். மார்கன், சீட்டட் லிபர்ட்டி என்று 1840-க்குப் பிந்தைய அமெரிக்க வெள்ளிகளைத்தான் சேர்த்து வருகிறேன். அதற்கு முந்தைய காலத்துக்குப் போகலாம் என்று நினைக்கும்போது நியூ ஜெர்சியில் ஒரு பழைய தொகுப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது. அதில் இரண்டு காசுகளைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தரநிர்ணய நிறுவனம் சோதித்து, தரம் குறித்து மூடித் தரும் பெட்டியில் இல்லாதவை. சோதித்துப் பார்க்க விற்பவர் ஒரு வாரம் தந்திருக்கிறார். வீட்டில் எடுத்த அளவுகள் இவை.

முதல் காசு 1799 டிரேப்டு பஸ்ட் (துணி போர்த்திய மார்பளவு உருவம்) டாலர். எடை 26.41 கிராம், விட்டம் 39.6 மி.மீ. தராசில் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் நூலில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 2.57 கிராம். காந்தம் ஒட்டவில்லை. முன்பக்கம் இடதில் ஏழு நட்சத்திரம், வலதில் ஆறு. தலைமுடியின் நடுப்பகுதியில் ஒன்றுக்கொன்று இணையாகக் கோடுகள் ஓடுகின்றன. விளிம்பில் ஓரிடத்தில், தலைக்கு நேர் மேலே, எழுத்துகள் மழுங்கியிருக்கின்றன.

இரண்டாவது 1827 கேப்டு பஸ்ட் (தொப்பியணிந்த மார்பளவு உருவம்) அரை டாலர். எடை 12.38 கிராம், விட்டம் 32.3, தண்ணீரில் 1.42 கிராம். பார்வைக்கு விஎஃப் (வெரி ஃபைன், மிதமான தேய்மானம்) தரம் சொல்லலாம். தலைப்பட்டியில் லிபர்ட்டி முழுதாகத் தெரிகிறது.

என் கேள்வி இரண்டு. உலோகம் சரியாக இருந்தால் காசும் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? டாலரில் உள்ள கோடுகளும் விளிம்பு மழுங்கலும் விலையைக் குறைக்கவேண்டிய குறைகளா?

—

தராசுமுள் எழுதியது:

அரை டாலரை முதலில் முடித்துவிடலாம். அது அந்தக் காலத்துக் கள்ளக்காசு. உங்கள் எண்களே சொல்லிவிட்டன.

1792 ஏப்ரல் 2-ஆம் தேதிச் சட்டப்படி டாலருக்கு 416 கிரெய்ன், அதில் சுத்த வெள்ளி 371.25 கிரெய்ன். கிராமில் 26.96, மாற்று (சுத்த வெள்ளியின் பங்கு) 0.8924. அரை டாலர் அதில் சரிபாதி, 13.48 கிராம். இந்த மாற்றுக்கு, மீதி செம்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 10.30 வரும். தண்ணீரில் தராசு காட்டிய எண் காசு விலக்கிய நீரின் எடை, கன செ.மீ.-இல் காசின் கன அளவும் அதுவே. உங்கள் டாலர் 26.41-ஐ 2.57-ஆல் வகுத்தால் 10.28. பொருந்துகிறது. அரை டாலர் 12.38-ஐ 1.42-ஆல் வகுத்தால் 8.72. வெள்ளிக் காசு அந்த எண்ணுக்குக் கிட்டேகூட வராது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரின் எண். செம்பின் மேல் வெள்ளி முலாம் என்றால் 8.9 அருகே நிற்கும்.

எடை மட்டும் பார்த்திருந்தாலும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விஎஃப் தரத்தில் இருக்கும் அரை டாலர் 13.2, 13.3 கிராம் இருக்கும். 12.38 என்றால் எட்டு சதவீதம் போயிருக்கிறது. அவ்வளவு தேய்ந்த காசில் லிபர்ட்டி என்ற சொல் படிக்கும்படி இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: புத்தம் புது நல்ல காசின் கன அளவே 1.31 கன செ.மீ. தான். உங்களுடையது 1.42. விட்டம் கூடவில்லை, அதனால் பருமன் கூடியிருக்கிறது. லேசான உலோகத்தில் எடையைக் கூட்ட தகட்டைத் தடிப்பாக எடுத்திருக்கிறார்கள்.

ஒப்படர்த்தி எடுக்கும் முறையில் பலர் தவறுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையை வைத்து, காசு மூழ்கும் அளவுக்கு வாலைவடிநீர் ஊற்றி, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நைலான் இழையில் கட்டித் தொங்கவிடுங்கள். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும். காசு முழுதாக மூழ்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் இடிக்கக்கூடாது. அடியில் உட்கார்ந்தால் தராசு காசின் எடையையே காட்டிவிடும். எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டினால் கன அளவு கூடுதலாகக் காட்டும், நல்ல வெள்ளியும் 10-க்குக் கீழே இறங்கும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி விட்டால் குமிழி விடும். எடுத்தபின் நல்ல நீரில் அலசி மென்துணியில் ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது.

0.01 தராசின் பிழையும் கணக்கில் வர வேண்டும். டாலரில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் விடை 10.24-க்கும் 10.32-க்கும் இடையே ஆடும், அதில் கவலையில்லை. அரை டாலரில் இந்த ஆட்டம் இரு மடங்கு. டைம் (பத்து சென்ட்), ஹாஃப் டைம் (ஐந்து சென்ட்) போன்ற சிறு காசுகளுக்கு 0.001 தராசு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், விடை உங்களை ஏமாற்றும்.

—

விளிம்பெழுத்து எழுதியது:

தராசுமுள் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. உலோகமும் எடையும் ஒரு காசை நிராகரிக்க உதவும், ஏற்றுக்கொள்ள உதவாது. சரியான மாற்றில், சரியான எடையில் அடித்த போலி டாலர்கள் சந்தையில் இருக்கின்றன. ஆரம்பகால அமெரிக்க வெள்ளியை உண்மையென்று நிறுவுவது அச்சு ஜோடிதான், அதாவது அதை அடித்த முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் சேர்ந்த இணை.

காரணம் இது. அன்றைய பிலடெல்பியா அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலை) முகமும் கழுகும் மூல அச்சிலிருந்து இறக்கப்பட்டாலும் தேதி எண்கள், நட்சத்திரங்கள், எழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் உளியடித்துப் பதிக்கப்பட்டவை. அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றாக இருக்காது. 1799 டாலருக்கு இருபதுக்கு மேற்பட்ட ஜோடிகளும், 1827 அரை டாலருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஜோடிகளும் பதிவாகியிருக்கின்றன. உங்கள் காசு அவற்றில் ஒன்றோடு இரு பக்கமும் பொருந்தியாக வேண்டும். முன்பக்கம் ஒரு ஜோடியோடும் பின்பக்கம் அதற்குச் சம்பந்தமில்லாத வேறொன்றோடும் பொருந்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நவீனப் போலிகளில் பல இதில்தான் மாட்டுகின்றன: ஒரே பின்பக்க அச்சை வைத்துக்கொண்டு 1795, 1798, 1803 என்று தேதியை மட்டும் மாற்றி அடிப்பார்கள். 1795 டிரேப்டு பஸ்டில் கழுகு சிறியது, மேகத்தின் மேல் நிற்பது; கேடயம் ஏந்திய பெரிய கழுகு 1798-ல்தான் டாலருக்கு வந்தது. இது தெரிந்தாலே பாதிப் போலி கழிந்துவிடும்.

டாலரில் எங்கே பார்ப்பது? முன்பக்கத்தில் முதல் நட்சத்திரம் கீழ்ச் சுருளுக்கு எவ்வளவு அருகே, கடைசி நட்சத்திரம் மார்புக்கு எவ்வளவு அருகே, லிபர்ட்டியின் கடைசி எழுத்து அடுத்த நட்சத்திரத்தைத் தொடுகிறதா, 1-ம் கடைசி 9-ம் எங்கே நிற்கின்றன. பின்பக்கத்தில் கழுகின் அலகைத் தொடும் நட்சத்திரம் எது, அதன் எந்த முனை தொடுகிறது, ஆலிவ் கிளையில் எத்தனை காய், இலை முனைகள் எந்த எழுத்துக்குக் கீழே வருகின்றன. நட்சத்திரங்களை எண்ணவும் மறக்காதீர்கள். 1799 தேதியில் ஒரு பின்பக்க அச்சில் தவறுதலாகப் பதினைந்து நட்சத்திரம் பதித்து, கூடுதல் இரண்டை மறைக்க ஓரத்து மேகங்களைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மேகத்துக்கு வெளியே நட்சத்திர முனைகள் இன்றும் எட்டிப் பார்க்கும். ஆரம்பகாலக் காசுகளின் அழகே இதுதான்.

அரை டாலரின் அச்சு ஜோடிகளுக்கு ஓவர்டன் எண்கள் என்ற பட்டியல் எண்கள் இருக்கின்றன. பின்பக்கப் பட்டையில் ப்ளூரிபஸ் என்ற சொல்லின் ஐ எழுத்து, மேலேயுள்ள ஸ்டேட்ஸ் என்பதன் எழுத்துகளுக்கு எந்த இடத்தில் கீழே வருகிறது என்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். 1827-ல் கூடுதலாக 2-இன் அடியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அடி சதுரமாக முடியும். வளைந்து முடிவது வெகு சில ஜோடிகளில் மட்டும், அதற்கு விலையும் கூடுதல். அரை டாலரில் தேதியே காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. 1816 தேதியில் அரை டாலர் கிடையாது. எழுத்துள்ள விளிம்பு 1836-ஓடு முடிந்தது. 1837 தேதியும் விளிம்பில் எழுத்தும் சேர்ந்து வந்தால் கையில்கூட எடுக்க வேண்டாம்.

இனி விளிம்பு. டாலரில் ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட் என்றும், அரை டாலரில் ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர் என்றும், சொற்களுக்கிடையே சிறு அலங்காரங்களோடு இருக்கும். காசு அடிப்பதற்கு முன்பே வெற்றுப் பில்லையை இரண்டு இணைச் சட்டங்களுக்கு நடுவே உருட்டி இந்த எழுத்துகளைப் பதித்தார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் பாதி வாசகம். உருட்டல் கொஞ்சம் வழுக்கினால் சேருமிடத்தில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அல்லது இடைவெளி விழும், இரண்டும் இயல்பு. பிறகு பில்லை எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அப்படியே அச்சில் வைக்கப்பட்டதால், முன்பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கும்போது விளிம்பெழுத்து நேராகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். அதைக் குறை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குறையென்று பார்க்க வேண்டியவை வேறு. விளிம்பைச் சுற்றி நடுவில் ஓடும் மெல்லிய கோடு இரண்டு ஓடுகளை ஒட்டிய மின்படிவு நகலையோ வார்ப்பையோ காட்டும். இரு பக்கமும் தேய்ந்திருக்க, விளிம்பெழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் அந்த இரண்டும் ஒரே வாழ்க்கை வாழவில்லை.

—

பத்துமடங்கு எழுதியது:

டாலரின் தலைமுடியில் உள்ள கோடுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படம் இல்லாமல் அறுதியிட்டுச் சொல்லக்கூடாது. ஆனால் இணையாக, ஒரே திசையில், நடுவில் மட்டும் என்றால் அக்கசாலையின் அரம் போட்ட கோடுகளாக இருக்க வாய்ப்பு அதிகம். எடை கூடிய பில்லைகளை அடிப்பதற்கு முன் அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள். அடிக்கும்போது பெரும்பாலான கோடுகள் நசுங்கி மறைந்துவிடும். அச்சின் மிக ஆழமான இடத்துக்கு, அதாவது காசில் மிக உயரமாக வரும் முடி, தோள், கழுகின் மார்பு ஆகிய இடங்களுக்கு உலோகம் முழுதாக ஏறாமல் போகும். அங்கேதான் கோடு மிஞ்சும். விளிம்போரத்திலும் மிஞ்சும்.

பத்து மடங்கு லூப்பில், ஒரே ஒரு விளக்கைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். அரக்கோடு என்றால் அதன் கரை மழுங்கியிருக்கும், பள்ளத்தின் நிறமும் சுற்றியுள்ள நிறமும் ஒன்றாக இருக்கும், உயர்ந்த வடிவத்திலிருந்து சமதளத்துக்கு இறங்கும்போது கோடு மங்கி நின்றுவிடும். பிற்காலத்துக் கீறல் என்றால் தளத்திலும் முகத்திலும் ஒரே வீச்சில் ஓடும், கரையில் உலோகம் வரப்புபோல் எழுந்திருக்கும், உள்ளே பளபளக்கும். அரக்கோட்டுக்காகத் தரநிர்ணய நிறுவனங்கள் காசைத் தள்ளுவதில்லை. முகத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பலமாக இருந்தால் மட்டும் விலை இறங்கும்.

தலைக்கு நேர் மேலே விளிம்பு மழுங்கியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பெரிய வெள்ளிக் காசுகளைப் பதக்கமாகவும் சங்கிலிக் கோர்வையாகவும் அணிந்த காலம் உண்டு. வளையம் பற்றவைத்த இடம் பெரும்பாலும் அதே இடம்தான். பிற்பாடு வளையத்தை அறுத்து, பற்றாசை ராவி, சாயம் ஏற்றி விற்பார்கள். மழுங்கிய பகுதியில் நிறம் வேறாக இருக்கிறதா, குறுக்காக நுண்ணிய அரக்கோடு இருக்கிறதா, பக்கத்து விளிம்புப் பற்கள் உருகியதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நேர் எதிரே, அதாவது தேதிக்குக் கீழே, அதே மாதிரி இன்னொரு இடமும் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம். துளையடைத்த காசையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: அடைத்த இடத்தில் எழுத்தையோ நட்சத்திரத்தையோ புதிதாகச் செதுக்கியிருப்பார்கள், அதன் ஓரம் மற்ற எழுத்துகளைவிடக் கூர்மையாகத் தெரியும். வெள்ளியால் அடைத்திருந்தால் ஒப்படர்த்தி அதைக் காட்டாது.

இதில் ஒரு விலக்கு மட்டும் உண்டு. 1795 ஃப்ளோயிங் ஹேர் (அவிழ்ந்த கூந்தல் உருவம்) டாலர்கள் சிலவற்றில் நடுவில் சுமார் 8 மி.மீ. அகலத்தில் வட்டமாக ஒரு வெள்ளிச் செருகல் தெரியும். எடை குறைந்த பில்லைக்கு அக்கசாலையே செருகி அதன்மேல் அடித்தது. இரு பக்கமும் தெரியும், முடியும் கழுகும் தடையில்லாமல் அதன்மேல் ஓடும். இது பழுதில்லை, இதற்கு விலை கூடுதல்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. நண்பர் விளிம்பெழுத்து சொன்னபடி அச்சு ஜோடி பொருந்திவிட்டாலும், நல்ல காசு ஒன்றிலிருந்து நேரடியாக அச்செடுத்த போலி தப்பித்துவிடும். ஜோடி பொருந்தத்தானே செய்யும்! ஆனால் அப்படி எடுக்கும்போது மூலக் காசில் இருந்த அடிகளும் குழிகளும் சேர்ந்தே வந்துவிடும். உங்கள் டாலரில் தெளிவாகத் தெரியும் நாலைந்து அடிகளைக் குறித்துக்கொண்டு, அதே ஜோடியின் பெரிய படங்களை ஹெரிட்டேஜ் ஏலப் பதிவிலும் தரநிர்ணய நிறுவனமான பிசிஜிஎஸ்ஸின் காயின்ஃபேக்ட்ஸ் பக்கத்திலும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அச்சு விரிசல் பல காசில் ஒரே இடத்தில், மேடாக, வரும், அது நல்லது. பள்ளமான அடி இரண்டு காசில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வந்தால் இரண்டில் ஒன்றாவது போலி.

—

வெண்பொன் எழுதியது:

எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் உலோகத்தைக் கண்டறியும்) கருவி வைத்திருக்கும் நகைக்கடைக்குப் போகலாமா என்று கேட்க வாய்ப்பிருப்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். அந்தக் கதிர் மேல் அடுக்கை மட்டும்தான் படிக்கும். தடித்த முலாமை வெள்ளியென்றே சொல்லும். பழைய நல்ல காசிலும் மேலே செம்பு கரைந்து போயிருப்பதால் மாற்றைக் கூட்டிக் காட்டும். 0.89 வராமல் 0.91, 0.92 வந்தால் பயப்பட வேண்டாம்.

அதில் பயனுள்ளது வேறு ஒன்று: நுண்ணளவுத் தனிமங்கள். அக்காலத்து வெள்ளியில் சிறிதளவு தங்கம் தங்கியிருப்பது வழக்கம், பிரித்தெடுப்பது கட்டுபடியாகாது என்பதால். கூடவே ஈயமும் இருக்கும். மின்பகுப்பில் சுத்தம் செய்த இன்றைய வெள்ளியில் இவை இருக்காது. வெள்ளியும் செம்பும் மட்டுமே, மற்றபடி துடைத்து விட்டதுபோல் சுத்தம் என்று வந்தால் 1799-க்கு அது பொருந்தவில்லை. கருவியை நுண்ணளவு காட்டும் அமைப்பில் நீண்ட நேரம் ஓட்டச் சொல்லுங்கள். உரைகல்லும் அமிலமும் வேண்டவே வேண்டாம். உரசிய காசு அதன்பின் பழுதுள்ள காசுதான்.

—

மேப்பிள்வீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாலரின் இரு பக்கமும் பதிவான ஒரு ஜோடியோடு பொருந்துகிறது. ஏலப் படங்கள் இருபதுக்கு மேல் ஒப்பிட்டேன், அடிகள் எதிலும் திரும்ப வரவில்லை. முடியில் உள்ள கோடுகள் தளத்துக்கு வரும் முன்பே நின்றுவிடுகின்றன. விளிம்பின் மழுங்கல் சுமார் 4 மி.மீ. நீளம், அங்கே நிறம் வெளிறியிருக்கிறது, குறுக்குக் கோடுகளும் தெரிகின்றன. எதிர்ப்பக்கம் சுத்தம். விற்பவர் விஎஃப் 30-க்கான முழு விலை கேட்கிறார். என்ன செய்யலாம்? அரை டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

—

பத்துமடங்கு எழுதியது:

அப்படியென்றால் நல்ல டாலர், வளையம் எடுத்த டாலர். பிசிஜிஎஸ், என்ஜிசி எதற்கு அனுப்பினாலும் எண் தரம் கிடைக்காது. விஎஃப் டீடெயில்ஸ் என்று, விளிம்புப் பழுதைக் குறிப்பிட்டுப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். அதனால் விஎஃப் 30 விலையை வைத்துப் பேசவே வேண்டாம். டீடெயில்ஸ் பெட்டியில் 1799 டாலர்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று கடந்த இரண்டு ஆண்டுப் பதிவுகளைப் பாருங்கள். விஎஃப் 20-க்கும் 35-க்கும் இடையே தோற்றமுள்ள, மழுங்கலோ வளைய அடையாளமோ உள்ளவற்றை மட்டும் எடுங்கள். அந்தத் தொகையிலிருந்து தரநிர்ணயக் கட்டணத்தையும் அஞ்சல் காப்பீட்டையும் கழித்ததுதான் உங்கள் உச்ச விலை. சான்று கிடைத்தால் மட்டுமே விற்பனை முடியும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பவர் உடனே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் அதையும் சோதிக்க வேண்டும். போலிப் பெட்டிகள் நிஜமான சான்று எண்ணோடு வருகின்றன. எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டதும் 1799 டாலர் என்று வருவது போதாது. அங்கே படம் இருந்தால் டோனிங்கும் (காலப்போக்கில் ஏறிய நிறமும்) அடிகளும் கையிலுள்ள காசோடு ஒத்துப்போக வேண்டும்.

—

தராசுமுள் எழுதியது:

அரை டாலரை விட்டுவிடாதீர்கள், விலை சரியாக வந்தால். டாலர் அடிப்பது 1804-ல் நின்றபின் 1836 வரை அரை டாலர்தான் நாட்டின் மிகப் பெரிய வெள்ளிக் காசு. வங்கிகள் கையிருப்பாகப் பை பையாக வைத்தது அதைத்தான். கள்ளக்காசு அடித்தவர்களும் அதையே குறிவைத்தார்கள். செலவழிக்கவென்றே அன்று அடித்த அந்தப் போலிகளைத் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கும் வகைப் பட்டியல் உண்டு. இன்று சேகரிப்பாளரை ஏமாற்ற அடித்தவற்றோடு இதைக் கலக்கக்கூடாது. நட்சத்திரங்கள் கோணலா, எழுத்துகளின் உயரம் சமமா, விளிம்பெழுத்தில் சொல் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்து வகையைக் கண்டுபிடியுங்கள். உறையின் மேல் கள்ளக்காசு, ஜெர்மன் சில்வர், 12.38 கிராம், ஒப்படர்த்தி 8.72 என்று எழுதி வையுங்கள். நாளை உங்கள் தொகுப்பு வேறு கைக்குப் போகும்போது யாரும் அதை வெள்ளியென்று விற்றுவிடக் கூடாது.

—

விளிம்பெழுத்து எழுதியது:

வாங்கியபின் ஒன்று. பழைய தொகுப்புகள் பெரும்பாலும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்தவை. டாலரின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதாவது தெரிந்தால் சுத்த அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்த அறையில், தீயின் அருகே இல்லாமல், சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் மறுபடி அலசித் தானாக உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். டோனிங்குக்கு அசிட்டோன் எதுவும் செய்யாது. வெள்ளி கழுவும் திரவத்தில் மட்டும் முக்கிவிடாதீர்கள்; 1799-இலிருந்து ஏறிய சாம்பல் நிறம் சில நொடியில் போய்விடும். பிறகு விளிம்புப் பழுதோடு கழுவிய காசு என்ற குறிப்பும் பெட்டியில் ஏறும்.